குழியோரத்தில் ஒரு காய்

சாந்தோம் கோயிலில் மாலைப் பூசைக்கு முதல் மணி அடிக்கிறது. ஜன்னல் வெயில் கேரம் பலகைமீது சாய்ந்து விழ, பவுடர் மினுங்குகிறது. ஆனியின் கடைசி வெள்ளைக் காய் குழியோரத்தில் நிற்கிறது, ஊதினாலே விழுந்துவிடும். எதிரே அவள் அப்பா வால்டருக்கு இன்னும் இரண்டு கறுப்பு பாக்கி. ஆடுவது ஒன்பது வயது மகள் என்ற நினைப்பே இல்லாமல் அவன் தாடை இறுகியிருக்கிறது. ஐம்பத்தெட்டாம் வருஷம், பதினைந்து வயதில், அவன் வாங்கிய மாவட்ட கேரம் கோப்பை பீரோமேல் இருக்கிறது. பதினாறு வருஷமாகத் துடைத்துத் துடைத்து அதில் எழுத்தே தேய்ந்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு மச்சானிடம் தோற்று அவன் உதைத்ததில் விழுந்த விரிசல் பலகையின் மூலையில் அப்படியே கிடக்கிறது. மச்சான் அதற்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. செபமாலையோடு வாசலில் நிற்கும் அவன் மனைவி பியாட்ரிஸ் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். "அடி, பார்க்கலாம்" என்கிறான் வால்டர். ஆனி அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்க்கிறாள். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் கட்டையில் மோதித் திரும்புகிறது. "ச்சே, கை வழுக்கிடுச்சுப்பா" என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். வால்டர் இரண்டு கறுப்பையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு, "எங்கிட்டயேவா?" என்று வாய்விட்டுச் சிரிக்கிறான். கல்யாணமான நாளாக அவனோடு ஆடும்போதெல்லாம் பியாட்ரிஸுக்கும் இப்படித்தான் கை வழுக்கும். நாக்கையும் இப்படியேதான் கடித்துக்கொள்வாள்.