கயிறு பிடிக்க ஒரு மச்சான்

எழுபத்து மூன்றாம் ஆண்டில் லண்டனுக்குப் படிக்கப் போன கிளாட்வினுக்கு விடுதியில் தனி மவுசு. 'தூத்துக்குடியில் நாங்களெல்லாம் முத்துக் குளிக்கிறவர்கள்' என்று வந்த அன்றைக்கே அளந்துவிட்டிருந்தான்.

"பக்கத்தில்தான் ஏரி. ஒரு தடவை மூழ்கிக் காட்டேன்" என்றான் உடன் படித்த ஆங்கிலேயன் தாமஸ்.

"சும்மா இறங்க முடியாதப்பா. மேலே கயிறு பிடிக்கிறவன் கையில்தான் உயிரே இருக்கிறது. அதற்கு மச்சானைத் தவிர யாரையும் நம்ப மாட்டோம். தன் தங்கை விதவையாக எவன் விடுவான்?"

"உன் மச்சான் எங்கே?"

"எனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே!" கிளாட்வின் பெருமூச்சு விட்டான்.

தாமஸின் தங்கை ஹெலனுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போனது. வழக்கத்தைச் சொன்னவனையும்தான்.

படிப்பு முடிந்தது. தூத்துக்குடி மாதா கோயிலில் கல்யாணமும் முடிந்தது. மறுநாள் காலையில் தாமஸ் கடற்கரைக்கு வந்து நின்றான். தோளில் புதுக் கயிறு.

"இப்போது நான் உன் மச்சான். இறங்கு, ஒரு சங்காவது எடுத்து வா!"

ஹெலன் கைதட்டினாள். கிளாட்வின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான். வள்ளத்தில் சாய்ந்து நின்ற அப்பா ரோச், கயிற்றையும் மகன் முகத்தையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, முழங்கால் தண்ணியில நின்னாலே அம்மான்னு அலறுவியே! கடலுக்கு லாயக்கில்லன்னுதானல உன்னைய சீமைக்குப் படிக்க அனுப்புனேன்!"

"அப்பா என்ன சொல்கிறார்?" என்று ஆவலாகக் கேட்டாள் ஹெலன்.

கிளாட்வின் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"புது மாப்பிள்ளை கடலில் இறங்கக் கூடாதாம். அதுவும் எங்கள் வழக்கமாம்."