கிளச் இல்லாத கார்

கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி அருமைநாயகத்தின் இடது சப்பாத்தின் மேல் கொட்டியது. கோப்பையைத் தட்டிவிட்ட ஜபார்தான் பதறினான். அருமைநாயகம் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பொஞ்சாதி மவுத்தான கவலையில மனுசன் கல்லாப் போயிட்டான்டா," என்றான் ஜபார், மற்ற லொறிக்காரர்களிடம்.

அருமைநாயகம் கொழும்பில் லொறி ஓட்டியவன். லொறி புரண்டதில் கூட வந்த மனைவி செத்துப்போனாள். கைக்குழந்தையோடு பள்ளிவாசல்துறைக்கு, மாமியார் பாக்கியம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வேலை கிடைக்காவிட்டால் பிள்ளையைச் சிலாபத்துக் கன்னியாஸ்திரிகளிடம் விட்டுவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அன்று அவர்கள் கூடியிருந்த பாலாவிச் சந்தியில் ஒரு வேலை இருந்தது. தன் ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவரின் அமெரிக்கக் காரையும், அது இழுத்துப்போகும் சில்லு வைத்த வீட்டையும் உப்பு வியாபாரி மஸாஹிர் முதலாளி வாங்கியிருந்தார். வீட்டைத் தலவில மாதா கோயில் திருநாளுக்குக் கொண்டுபோய்த் தேத்தண்ணிக் கடை போடுவது அவர் எண்ணம். ஓட்டத்தான் ஆள் வேண்டும்.

காரில் கிளச் கிடையாது. கியரை அது தானாகவே மாற்றிக்கொள்ளும்.

முதலில் ஜபார் ஏறினான். வேகம் கூடியதும் அவன் இடது கால் பழக்கத்தில் கிளச்சைத் தேடிப் பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் முகம் குப்புற நின்றது. வீடு பின்னாலிருந்து முட்டியது. அடுத்து ஏறிய லொறிக்காரன் பஸ்தியானுக்கும் அதே கதிதான். போதாததற்கு மணலில் சில்லு புதைய, அவன் ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் எண்ணெய் கருகிய மணம் வந்தது.

"போதும், எறங்குங்கடா!" என்று கத்தினார் முதலாளி. "கியர்ப்பெட்டி எரிஞ்சா சாமான் வாங்க நான் அமெரிக்காவுக்கா போற?"

"நான் ஓட்டிப் பாக்கட்டா, முதலாளி?" என்றான் அருமைநாயகம்.

"ஓட்டட்டும், ஓட்டட்டும்!" ஜபார் சிரித்தான். "நீட்டுக் களிசானும் சப்பாத்தும் போட்ட துரைக்குத்தான் இது சரி."

அருமைநாயகம் உடனே கிளம்பவில்லை. இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, கியர்ப்பெட்டியின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி மணந்து பார்த்தான். "சூடு கூடிப்போச்சுது. கொஞ்சம் ஆறட்டும்."

"அடே, காருக்கு நாடி பிடிக்கிறான்!" என்றான் பஸ்தியான். யாரோ விசிலடித்தார்கள். அருமைநாயகம் திரும்பவில்லை.

எண்ணெய் ஆறியதும் ஏறி உட்கார்ந்தான். முதலாளி பக்கத்தில் ஏறிக்கொண்டார். மணல் தொடங்குவதற்கு முன்பே கியர்ப் பிடியை இறக்கி, மணலுக்கும் ஏற்றத்துக்குமென்று இருந்த சின்னக் கியரில் வைத்தான். கார் உறுமாமல் ஊர்ந்தது. மணல் முடிந்ததும் பிடியை உயர்த்தினான். கியர் மாறியது முதலாளிக்குத் தெரியவே இல்லை. வீடு முட்டாமல் மோதாமல் பின்னால் வந்தது.

கல்பிட்டி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்ச் சந்திக்குத் திரும்பினார்கள். கருகல் மணம் இல்லை.

முதலாளி சாவியை அருமைநாயகத்தின் கையில் வைத்து அழுத்தினார். "இண்டையிலிருந்து நீதான் டிரைவர். சம்பளமும் சாப்பாடும் என்ட பொறுப்பு."

"ஓம் முதலாளி," என்றான். பிள்ளை வீட்டிலேயே இருக்கும். அதற்காகச் சிரிக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

"ஒண்டு மட்டும் சொல்லு தம்பி," என்றார் முதலாளி. "வழி முழுக்க உன்ட காலத்தான் பாத்துக்கிட்டு வந்தன். இவனுகள்ற இடது கால் அந்தத் துள்ளுத் துள்ளிச்சு. உன்ட இடது கால் மட்டும் எப்பிடி வச்ச இடத்திலயே கெடந்திச்சு?"

"அது மரக்கால், முதலாளி."