பத்துப் பைக்கற் கற்பூரம்

"இஞ்சாருங்கோ, கடைக்காரத் தங்கமுத்தக்கா எல்லாம் சொன்னவ," என்றாள் அருந்ததி.

இடியப்பத்தைச் சொதியோடு குழைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் மயூரதன் நிமிர்ந்தான். "என்னத்தை?"

"கிழமைக்குப் பத்துப் பைக்கற் கற்பூரம் வாங்கிறியளாம். கலியாணம் கட்டி ஆறு வரியமாக் கோயில் வாசல் மிதிக்காத மனிசன்!"

"அது வந்து, அருந்ததி..."

"மறைக்காதேங்கோ. திங்கட்கிழமை எனக்கு ஒப்பரேசன் எண்டுதானே நேர்த்தி வைச்சிருக்கிறியள்?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரியான பயமா இருந்தது. இதைக் கேட்ட பிறகுதான் நேற்று நல்லா நித்திரை கொண்டனான்."

மயூரதன் வாயைத் திறந்தான். பிறகு, "ஓம்" என்று மட்டும் சொன்னான்.

அவன் வாங்கிய கற்பூரம் முழுக்கப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குத்தான் போனது. கற்பூர ஆவி நிரம்பிய கண்ணாடிக் கூண்டுக்குள் சிலிக்கன் தகட்டில் லேசரை அடித்தால், கதிர் பட்ட இடத்தில் மட்டும் காபன் நுண்குழாய்கள் முளைக்கும். தலைமயிரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய அந்தக் குழாய்களை வைத்துக் குட்டி மின்னணுக் கருவிகள் செய்வது அவனுடைய ஆராய்ச்சி.

அடுத்தநாள் மாலை, வீடு திரும்பும் வழியில் பிள்ளையார் கோயிலடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். செருப்பைக் கழற்றினான். ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து வாசல் கல்லில் வைத்தான். இரண்டு பொக்கற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றவரிடம் மெல்லக் கேட்டான்.

"ஐயா, நெருப்புப்பெட்டி இருக்கோ?"

கிழமைக்குப் பத்துப் பைக்கற் வாங்குகிறவனுக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.