பந்து விழுந்த தடம்

பந்து கோட்டின் மேல் விழுந்தது.

கம்பிவலைக்கு வெளியே நின்ற அவள் பார்த்தாள். சுண்ணாம்பு தெறித்ததைக்கூடப் பார்த்தாள்.

உள்ளே மகளும் பார்த்தாள்.

"அவுட்" என்றாள் மகள்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டத்துக்கு இங்கே நடுவர் கிடையாது. யார் பக்கம் பந்து விழுகிறதோ அவர்தான் சொல்ல வேண்டும். குழந்தைகள் நேர்மை பழகட்டும் என்று எந்தப் புண்ணியவானோ எழுதிவைத்த விதி. அவன் இந்த மாவட்டத்துப் பக்கம் வந்தே இருக்க மாட்டான்.

டைபிரேக். ஏழு பாயிண்ட் எடுத்தால் வெற்றி. மகள் எழிலிடம் ஆறு இருந்தது. எதிரில் தாரிகாவிடம் ஐந்து. இந்த 'அவுட்' நின்றால் முடிந்தது கதை. வருடத்தின் கடைசிப் போட்டி இது. ஜெயிக்கிறவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். ஒருத்திதான் போக முடியும்.

என்ன வருடம்!

'நாற்பது பள்ளிகளில் டென்னிஸ் அறிமுகம்' என்று மாவட்ட டென்னிஸ் சங்கத்தின் பேனர். ஒரே பெட்டி மட்டைகள் நாற்பது பள்ளிக்கும் வேனில் போய்வந்தன. பிள்ளைகள் ஆளுக்கொரு மட்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்ததும் மட்டைகள் வேனில் ஏறிவிட்டன. ஆயிரத்து எண்ணூறு பேர் பயன்பெற்றார்கள் என்று ஆண்டறிக்கை சொன்னது.

போட்டி என்று வந்தால் பெண்கள் பிரிவில் ஆறு பேர். அதில் ஒருத்தி சங்கச் செயலாளர் செல்வகணபதியின் மகள் தாரிகா.

கம்பிவலையில் அப்பாக்கள் தொங்குவார்கள். ஒருவர் இருமினால் பின்னால் போ என்று அர்த்தம். இன்னொருவர் குடையை விரித்தால் தூக்கி அடி என்று அர்த்தம். வெட்கங்கெட்ட கூட்டம். தாங்கள் வாங்காத கோப்பையையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையை விட்டு வாங்கப் பார்க்கிற கூட்டம்.

அவள் தள்ளியே நிற்பாள். அவர்கள் ஃபிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் கொடுத்தால்கூட வாங்க மாட்டாள்.

ஜூலையில் நடந்தது அது. எழில் அடித்த பந்து உள்ளே விழுந்தது. தாரிகா கூசாமல் அவுட் என்றாள். செம்மண் தரையில் பந்து விழுந்த தடம் அப்படியே இருக்கும். தடத்தைப் பார்க்க வேண்டும் என்று வெளியிலிருந்து அவள் சத்தம் போட்டாள்.

செல்வகணபதியே உள்ளே வந்தார். வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். வலது ஷூவின் நுனியால் இரண்டு தேய்ப்பு.

"அடடா, தெரியாம மிதிச்சுட்டனுங்க."

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் கூத்து. அவள் செயலாளராக நடிப்பாள். நைட்டியில் இல்லாத பாக்கெட்டில் கை. காலால் இரண்டு தேய்ப்பு. அப்புறம் அந்த 'அடடா'. புருஷனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். எழில் சோபாவில் உருளுவாள்.

இன்னொரு தடவைம்மா என்பாள். அவளும் செய்வாள்.

இன்று காலை ஸ்கூட்டரில் வரும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கோட்டுல பட்டாலும் அவுட்டுன்னு சொல்லிரு, கண்ணு. அவுங்க மட்டும் என்ன ஒழுங்கா?"

பின்னால் இருந்து பதில் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது.

தாரிகா வலை அருகே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"தடத்தப் பாக்கோணும்" என்றாள்.

எழில் மறுக்கவில்லை. மட்டையின் நுனியால் தடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். அவசரமில்லாமல், முழு வட்டம். அதன் குறுக்கே வெள்ளைக்கோடு ஓடியது. பந்து பட்ட இடத்தில் சுண்ணாம்பு கலைந்திருந்தது.

கேட்டில் சால்வையோடு சிறப்பு விருந்தினருக்குக் காத்திருந்த செல்வகணபதி, சால்வையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

வெளியே நின்ற அவள் ஓடினாள்.

செருப்போடு கோர்ட்டுக்குள் வரக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. ஒரு வருடமாக மற்றவர்களுக்கு அவள் படித்துக் காட்டிய போர்டு அது.

அவருக்கு நாலு எட்டு முன்னால் வட்டத்துக்குள் நின்றாள். இடது கை தானாக இடுப்புக்குப் போனது. வலது கால் இரண்டு தேய்ப்பு தேய்த்தது.

"அடடா" என்றாள். "தெரியாம மிதிச்சுட்டனுங்க."

செல்வகணபதி தரையைப் பார்த்தார். அவள் செருப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வருடம் முழுக்க அவளைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்ட மனிதர். இப்போது விசேஷ வீட்டு வாசலில் சொந்தக்காரியை வரவேற்பதுபோலச் சிரித்தார்.

"பரவால்லீங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மகளைப் பார்த்தாள்.

எழில் சிரிக்கவில்லை.

கம்பிவலை ஓரம் கிடந்த பந்தை எடுத்து வலைக்கு அந்தப் பக்கம் தாரிகாவிடம் தட்டிவிட்டாள்.

"பந்து உள்ளதான். சிக்ஸ் ஆல்."

ஆறுக்கு ஆறு என்றால் பக்கம் மாற வேண்டும். எழில் அம்மாவைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். போய்த் திரும்பி நின்று, குனிந்து, மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் பார்வை பந்தின் மேல் இருந்தது.

பந்தோடு தாரிகா இந்தப் பக்கம் வந்தாள். கோட்டருகே ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

"கொஞ்சம் நகருங்க ஆன்ட்டி" என்றாள்.