தொடாத காப்பி

"என் கண்ணால பார்த்தேன். அந்தப் பொம்பளை நீலக் கதவு வீட்டு வாசல்ல உக்காந்து மணலைத் தோண்டிக்கிட்டு இருக்கா" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் வாத்தியார் மனைவி ராயா.

கூடாரத்தில் மத்தர் ஊற்றிய காப்பியைக் குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஹாரிப் சட்டென்று எழுந்து நின்றான். அவன் வண்டியில் வந்தவள்தான் அந்தப் பெண். பக்கத்தில் நானும் இருந்தேன். ஓசிக் காப்பி என்றால் நான் விடமாட்டேன்.

எங்கள் பழைய ஊர் குஃபைராவை மணல் மூடி முப்பது வருஷமாகிறது. ஊர்க்காரர்கள் நாங்கள் தார் ரோட்டோரம் புது வீடுகளுக்கு வந்துவிட்டோம். நாங்கள் அங்கே குடியிருந்தவரை ஏனென்று கேட்க நாதியில்லை. காலி செய்த பிறகு, உள்ளே ஜின் பூதம் குடியேறிவிட்டது என்று எவனோ கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், மஸ்கட்டிலிருந்து ஜனம் கிளம்பி வருகிறது. எங்களுக்கு இல்லாத மரியாதை ஜின்னுக்கு.

அவர்களை ஏற்றிப்போய்க் காட்டுவதுதான் ஹாரிப்பின் பிழைப்பு. அந்தப் பிழைப்பு இப்போது மத்தர் கையில் இருந்தது. ஆறு மாதமாக அந்தப் பாழடைந்த ஊரிலிருந்து சாமான்கள் காணாமல் போகின்றன. ஒரு ஜன்னல் கம்பி, ஒரு செம்புக் கூஜா, கடைசியாக நீலக் கதவின் தாழ்ப்பாள். இன்னும் ஒரு பொருள் போனால் வண்டி உள்ளே நுழையக்கூடாது என்று மத்தர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மத்தரை யாரும் காவலுக்கு வைக்கவில்லை. அவராகவே வந்து பழைய ஊரின் நுழைவில் கூடாரம் போட்டார். "அங்க கிடக்கிற ஒவ்வொரு ஆணியும் நம்ம பாட்டன் எலும்பு" என்று ஊர்க் கூட்டத்தில் அவர் பேசினால் கல்லும் கரையும். நானே ஒருமுறை அழுதிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"போன மாசமும் அவ வந்தாளாமே. ஜின்னைப் பார்க்க ஒரு தடவை வந்தா போதாதா?" என்றாள் ராயா.

அவள் புருஷன் ஜஹ்ரான் வாத்தியாரும் வந்து சேர்ந்தார். இப்படிப்பட்டவர்களால்தான் நாட்டின் மானமே போகிறது என்று ஒரு பாடம் எடுத்தார். அவர் சட்டைப் பையில் இரண்டு ஓட்டுச் சில்லும் ஒரு பாசிமணியும் இருந்தன. அது ஞாபகார்த்தம், திருட்டில் சேராது.

கடைசியாக அந்தப் பெண் வந்தாள். பேர் நஸ்ரா. கல்யாணமாகி சூர் நகரத்துப் பக்கம் போனவள் என்பதற்குமேல் ஹாரிப்புக்கே ஒன்றும் தெரியாது. முகத்திரைக்குள் கண் மட்டும் தெரிந்தது. தோளில் தொங்கிய துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று ராயா குதித்தாள். மத்தர் கையமர்த்தினார். விருந்தாளி யாராக இருந்தாலும் முதலில் காப்பி, அதற்குப் பிறகுதான் விசாரணை. அந்த முறையை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பார்க்க நாலு பேர் இருக்கும்போது நிச்சயம் மாட்டார்.

நஸ்ரா கோப்பையை வாங்கினாள். வாயில் வைக்காமல் அப்படியே பாயில் வைத்துவிட்டாள்.

எல்லோரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால், எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பார்கள். கொடுத்த வாக்கை மீறியவன் வீட்டில் அப்புறம் ஒருத்தரும் கால் வைக்கமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வைத்திருக்கிறாள் என்று மத்தர் முடிவே கட்டிவிட்டார். எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

"குடிம்மா. நீ என்ன கேட்டாலும் கொடுத்தாச்சு. இத்தனை பேர் சாட்சி. திருடின கையா இருந்தாலும் என் விருந்தாளி கை" என்றவர், ஹாரிப் பக்கம் திரும்பினார். "உன் வண்டி இன்னையோட சரிப்பா."

ஹாரிப் தலையில் கையை வைத்துக்கொண்டான். எனக்கே பாவமாக இருந்தது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

நஸ்ரா முகத்திரையைச் சற்றே தூக்கி, நிதானமாகக் காப்பியைக் குடித்தாள். போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பையைக் கவிழ்த்தாள். ஒரு தண்ணீர் பாட்டிலும் மண் வாரும் சின்னக் கரண்டியும் மட்டும் விழுந்தன.

"நான் எதையும் எடுக்கலை. வெச்சிட்டு வந்தேன். நீலக் கதவு வீடு நான் பொறந்த வீடு. அதோட தாழ்ப்பாள் சந்தையில விலைக்கு இருந்துச்சு. போன மாசம் எங்கம்மாவோட கூஜா. ரெண்டையும் வாங்கிட்டு வந்து அங்கேயே புதைச்சிட்டேன்."

எந்த அயோக்கியன் விற்றான், பேரைச் சொல்லுங்கள் என்று வாத்தியார் துள்ளினார்.

"கடைக்காரர் பேரைச் சொல்லித்தான் விக்கிறார். மத்தர் கொண்டுவந்த சரக்கு, சுத்த அசல்னு."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராயா கூடாரத் துணியின் தையலை ஆராய ஆரம்பித்தாள். வாத்தியார் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. மத்தர் பேச்சுக்கு நான் அழுத அழுகையை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

மத்தர் காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. என்ன வேண்டும் என்று அவர் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

"ஹாரிப் வண்டியை நிறுத்தாதீங்க" என்றாள் நஸ்ரா. "நீங்க விக்கிறதையெல்லாம் திரும்பக் கொண்டாந்து வைக்க எனக்கு வேற வண்டி இல்லை."