குத்தூசி தள்ளிய மூட்டை

அரிசி மண்டியில் ஒரு குத்தூசி இருந்தது. மூட்டையில் குத்தி மாதிரி அரிசி எடுப்பது அதன் வேலை. அரிசி மணிகளும் சலசலவென்று விலகி வழிவிடும்.

“ஒட்டு இல்ல, உறவு இல்ல. இதெல்லாம் ஒரு கூட்டமா?” என்று ஒருநாள் சிரித்த குத்தூசி, உள்ளே போய் வேண்டுமென்றே மணிகளைப் பக்கவாட்டில் தள்ளியது.

ஒரு மணி அடுத்த மணிமேல் சாய்ந்தது, அது அதற்கடுத்ததன்மேல். சட்டென்று மூட்டையே கல்லாய் இறுகியது.

“அடேய், நாம அசையாம நிக்கிறோம்டா,” என்று ஒரு குருணை பரபரத்தது.

குத்தூசி முட்டித் தள்ளியது. மூட்டை இன்னும் இறுகியது.

“விட்டுடுங்கப்பா,” என்று கெஞ்சியது நடுவில் சிக்கிக்கொண்ட குத்தூசி.

“நாங்க எங்கண்ணே பிடிச்சோம்? நீங்க தள்ளுறதை நிறுத்துங்க.”

நிறுத்தியது. மணிகள் மறுபடி உதிரியாயின. தப்பித்தோம் என்று வெளியேறிய குத்தூசியைக் குருணை கூப்பிட்டது.

“அண்ணே, இன்னொரு தடவை தள்ளுங்களேன்.”