ஊர்க் குளிசை

"நான் பிழையாச் சொல்லிப்போடுவன் எண்டு பயமாக் கிடக்கப்பா."

மருத்துவ நிலையத்துக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்ததிலிருந்து வசந்தமலருக்கு இதே பாட்டுத்தான்.

"உள்ளதைச் சொல்லு. உள்ளது எப்பிடிப் பிழைக்கும்?" என்றார் கணவர் பாலேந்திரன், கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்கள் லேசாச் சொல்லுவியள். நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான். அவள் கேக்கிறது சோதினை மாதிரி இருக்குமாம்."

அவள் என்றால் கஜேந்தினி. தாதி வேலையோடு நிற்காமல் மேலே படித்து, நோயாளரைத் தானே சோதித்துப் பார்க்கும் அளவுக்கு வந்தவள். புது மருந்து எதுவானாலும் அவள் முதலில் எல்லாவற்றையும் கிளறிப் பார்த்து ஓம் என்றால்தான் டாக்டர் எழுதுவார். வசந்தமலருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. இரத்தம் கட்டிபடாமல் இருக்க ஒரு குளிசை தொடங்க வேண்டும்.

புலம்பெயர்ந்து ரொம்சோஸ் பகுதியில் வாழும் தமிழர்களுக்குக் கஜேந்தினியைக் கண்ணில் காட்ட முடியாது.

"எங்கடை பிள்ளை எண்டு நம்பிப் போனா, பொலிஸ் மாதிரியெல்லோ விசாரிக்கிறாள்."

"ஒரு நித்திரைக் குளிசைக்குக்கூட மனமிரங்க மாட்டாள்."

"தாய் அனஸ்ரேசியா எவ்வளவு சிரிச்ச முகம். இவள் ஆரைப் போலயோ."

கடைசியாகச் சொன்னது வசந்தமலரேதான். அனஸ்ரேசியாவும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தவர்கள். போன பனிக்காலம் அனஸ்ரேசியா வயிற்றுக்குள் இரத்தம் போய்ச் செத்துப்போனாள். அல்சர் என்று சனம் கதைத்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். வசந்தமலர் மட்டும் உள்ளே போனாள்.

"வாங்கோ அன்ரி. மருந்தெல்லாம் கொண்டந்தனீங்களோ?"

பையைக் கவிழ்த்தாள். பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, கண்ணுக்கு விடுகிற துளி.

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. முழங்கால் நோவுக்கு என்ன போடுறனீங்கள்?"

"அதுக்கோ? அது மருந்தில்லை. ஊர்க் குளிசை."

கஜேந்தினி சிரிக்கவில்லை. "ஊரிலை இருந்து வந்தா மருந்தில்லையோ, அன்ரி? எடுங்கோ பாப்பம்."

பொலிஸ்தான், சந்தேகமில்லை என்று நினைத்துக்கொண்டு, கைப்பையின் அடியில் கிடந்த அட்டையை வசந்தமலர் எடுத்து நீட்டினாள். சிவப்புக் குளிசைகள். பாதி முடிந்திருந்தது.

கஜேந்தினி அதைக் கையில் வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தாள்.

"இதையும் டாக்டர் தரப்போற குளிசையையும் சேத்துப் போட்டா வயித்துக்கை இரத்தம் கசியும், அன்ரி. லேசிலை நிக்காது. இனி இதைத் தொடக் கூடாது. நோவெண்டால் பரசிற்றமோல் மட்டும்."

"சரி பிள்ளை."

"அம்மாவின்ரை வேலைச் சட்டைப் பொக்கற்றுக்கையும் இதே அட்டைதான் கிடந்தது."

வசந்தமலர் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அவவும் இரத்தம் கட்டிபடாத குளிசை போட்டவ. இதை என்னட்டைச் சொல்லேல்லை. மகள் நான் இதைத்தான் படிச்சனான், எண்டாலும் சொல்லேல்லை. உங்களை மாதிரித்தான், இது மருந்தில்லை எண்டு நினைச்சிருப்பா. நானும் கேக்கேல்லை. இப்ப வாற போற ஆக்களையெல்லாம் துருவித் துருவிக் கேக்கிறன். சனம் என்னைப் பொலிஸ் எண்டு சொல்லுறதும் தெரியும்."

வசந்தமலர் நிலத்தைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடப் படிக்கட்டு கண்ணுக்குள் வந்தது. முழங்காலைப் பிடித்தபடி அனஸ்ரேசியா குந்தியிருக்கிறாள். பக்கத்தில் தண்ணி வாளி. 'இதைப் போடு, நல்லாக் கேக்கும். ஊர்க் குளிசை, மகளிட்டை மூச்சு விடாதை, பிறகு அவள் கத்துவாள்' என்று அட்டையை அவள் கைக்குள் திணித்தது ஆர்? இதே வசந்தமலர்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் போய் வருகிற ஆட்களிடம் அவளுடைய தங்கச்சி இந்த அட்டைகளைக் கொடுத்துவிடுவாள். வீட்டு அலுமாரியில் ஒரு பை நிறையக் கிடக்கிறது. போன கிழமைகூடக் கலியாண வீட்டில், அயலில் இருக்கும் ரிஷிகேசனின் தாய்க்கு வசந்தமலர் ஒரு அட்டை கொடுத்தாள். அந்த மனுசிக்கும் இதயத்தில்தான் வருத்தம்.

"எனக்கு ஆரோடையும் கோபமில்லை, அன்ரி," என்றாள் கஜேந்தினி. குரல் இறங்கியிருந்தது. "குடுத்தவையும் பாவம், அன்பிலைதான் குடுத்திருப்பினம். ஆனா அவை இன்னும் ஆருக்கும் குடுத்துக்கொண்டு இருந்தால்? ஆள் ஆரெண்டு தெரிஞ்சா, வாங்கின ஆக்களைத் தேடிப் போய் நிப்பாட்டலாம். அதுதான் கேக்கிறன். இது உங்களுக்கு எங்காலை வந்தது?"

வசந்தமலர் கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே பாலேந்திரன் யாருடனோ சத்தமாகச் சிரித்துக் கதைப்பது கேட்டது. கோயிலில், கலியாண வீட்டில், கடையில் தன்னைக் காட்டிக் காட்டிக் குசுகுசுக்கும் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று காலையிலிருந்து நடுங்கிய நாக்கு, இப்போது ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

"உன்ரை அம்மாதான் பிள்ளை தந்தவ," என்றாள்.